தானா நெய்யும் தறி: நிரந்தர மாயப்பொருளை ஆட்டக்காரர் கையில குடுக்கலாமா? (ஒரு நீண்ட இழை)

1/ போன ஞாயித்துக்கிழமை அம்மையார்குப்பத்துல எங்க வீட்டுக் கூடத்துல ஒரு சண்டை. நான் ஒரு பக்கம், சித்தப்பா பையன் இன்னொரு பக்கம். விஷயம் நிலமும் இல்ல, பாகப்பிரிவினையும் இல்ல. கற்பனையில இருக்கற ஒரு தறி. அந்தச் சண்டையில நான் தோத்தேன். தோத்த கதையும், அதுக்காகப் புரட்டின புத்தகங்களும்தான் இந்த இழை. பொறுமையா படிங்க.

2/ மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு, டியூட்டி இல்லாத நாள்ல, நாங்க அஞ்சு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். தெரியாதவங்களுக்கு: இது பேசி ஆடற ஆட்டம். ஒருத்தர் கதையை நடத்துவார் (நான்). மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். 'நான் கதவை உடைக்கிறேன்'னு சொல்லிட்டு இருபது முகப் பகடையை உருட்டினா, விழற எண் முடிவு சொல்லும். போர்டு கிடையாது, காய் கிடையாது. பேப்பர், பேனா, பகடை, டீ, முறுக்கு.

3/ சித்தப்பா பையனோட பாத்திரம் ஒரு நெசவு மந்திரவாதி. பல மாசமா ஆடி நல்ல சக்தி சேர்த்துட்டான். அன்னிக்குக் கேட்டான்: "அண்ணா, நான் ஒரு தறி செய்யறேன். ஆள் வேணாம், தானா நெய்யும். மந்திரம் கலையவே கூடாது. நிரந்தரம்."

4/ நான் முடியாதுன்னுட்டேன். ஆட்டம் நடத்தறவங்க எல்லாருக்கும் இருக்கற பயம்தான். வாள் குடுக்கலாம், ஒரு மணி நேரம் எரியற விளக்கு குடுக்கலாம். ஆனா ஒருக்காலும் நிக்காத ஒண்ணைக் குடுத்தா அந்த உலகம் கோணிப்போகும். "ஒரு ஊர்ல தானா நெய்யற தறி வந்தா மத்த நெசவாளி எல்லாம் என்னடா பண்ணுவான்? பொருளாதாரமே கெட்டுடும்"னேன்.

5/ அவன் சிரிக்கல. "அது ஏற்கெனவே வந்துடுச்சுண்ணா. அதுக்குப் பேரு விசைத்தறி. எங்கப்பா குழித்தறியைக் கழட்டி விறகுக்குப் போட்டப்ப இந்த ரூல் புக்கை யாரும் எடுத்துப் பாக்கலையே"ன்னான்.

6/ எங்க ஊரைத் தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம்: இந்தத் திருத்தணி வட்டாரமே நெசவு வட்டாரம். தெருவுல நடந்தா தறிச் சத்தம் கூடவே வரும். தறிக்காரங்க வீட்ல எல்லாரும் சத்தமாத்தான் பேசுவாங்க. கோவம் இல்ல, பழக்கம். அன்னிக்கு அவன் மட்டும் மெதுவாப் பேசினான்.

7/ அன்னிக்கு ஆட்டத்தை நிறுத்திட்டேன். "அடுத்த தடவை பதில் சொல்றேன்"னேன். அந்த வாரம் நைட் டியூட்டியில கிடைச்ச இடைவெளியில எல்லாம் ஒரே கேள்விதான்: நிரந்தரமான மாயப்பொருளைக் கதைக்குள்ள விட்ட பழைய ஆளுங்க அதை எப்படிச் சமாளிச்சாங்க?

8/ முதல்ல ஆட்டத்தோட வரலாறு. டி அண்ட் டி வந்தது 1974ல, அமெரிக்காவுல. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர். அடுத்த வருஷமே, 1975ல வந்த இணைப்புப் புத்தகத்துல, கோலெம் வந்துடுச்சு: கல்லாலயும் இரும்பாலயும் சதையாலயும் செஞ்சு உயிர் ஊட்டின பொம்மை மனுஷன். யூதர்களோட பழங்கதையிலேர்ந்து எடுத்தது. பிராக் நகரத்து ரப்பி ஒருத்தர் களிமண்ணுல காவலாளி செஞ்சதாச் சொல்ற கதைதான் அதுல பிரபலம்.

9/ 1978ல வந்த ஆட்டக்காரர் புத்தகத்துல 'பெர்மனன்சி'ன்னு ஒரு மந்திரம். வேற மந்திரம் ஒண்ணைக் கலையாம நிலைக்க வைக்கறதுதான் அதோட வேலை. அதுக்கு விலை என்ன தெரியுமா? மந்திரவாதியோட உடல் வலுவுல ஒரு புள்ளி போயிடும். டாக்டரா எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. ஒவ்வொரு நிரந்தரத்துக்கும் உன் உடம்புலேர்ந்து ஒரு துண்டு.

10/ 2000ல வந்த மூணாம் பதிப்புல விலை மாறுச்சு. உடம்புக்குப் பதிலா அனுபவப் புள்ளி. அதாவது நீ இத்தனை நாள் ஆடிச் சேர்த்ததுலேர்ந்து கழியும். கோலெம் செய்யவும் அதே கணக்கு. அதுலயும் களிமண் கோலெம், சதை கோலெம் ரெண்டுக்கும் ஒரு ஆபத்து உண்டு: சண்டை நீள நீள, சுத்துக்கு 1 சதவீதம் வீதம் கூடிக்கிட்டே போற வாய்ப்புல அது வெறி பிடிச்சுக் கட்டுப்பாட்டை விட்டுப் போயிடும்.

11/ ஆட்டக்காரங்க சும்மா இருப்பாங்களா? இரும்புச் சுவர் எழுப்பற மந்திரம் ஒண்ணு உண்டு. சுவர் நிலையா நிக்கும். உடனே ஒருத்தன், "அந்த இரும்பை வெட்டி எடைக்குப் போடறேன்"னான். இதுலேர்ந்து கிளைச்ச பாத்ஃபைண்டர் ஆட்டத்தோட 2009 புத்தகத்துல ஒரு வரி சேர்ந்துச்சு: இந்த இரும்பை விக்கவும் முடியாது, வேற பொருள் செய்யவும் உதவாது. சட்டத்துல ஓட்டை கண்டுபிடிச்சதும் திருத்தம் வருமே, அதே மாதிரி.

12/ 2014ல வந்த அஞ்சாம் பதிப்பு பெர்மனன்சியையே தூக்கிடுச்சு. ஆனா சில மந்திரத்துல வேற வழி வெச்சாங்க. தூரத்து ஊருக்கு ஒரே எட்டுல போற மாயவட்டம் நிரந்தரமா வேணுமா? ஒரே இடத்துல ஒரு நாள் விடாம ஒரு வருஷம் அந்த மந்திரத்தைப் போடணும். இதுக்கு விலை பொறுமை. மண்டலம் வெக்கற மாதிரின்னு எங்க குரூப்ல ஒருத்தன் சொன்னான். சரிதான்.

13/ அதே பதிப்புல உன்னை மாதிரியே பனியால ஒரு நகல் செய்யற மந்திரமும் உண்டு. அந்த நகலும் மந்திரம் போடும். 'அப்ப நகலை விட்டே இன்னொரு நகல், அதை விட்டு இன்னொண்ணு'ன்னு ஆட்டக்காரங்க ஒரு பட்டாளமே சேர்த்தாங்க. 2024 பதிப்புல கதவை மூடிட்டாங்க: நகலால இந்த மந்திரத்தைப் போட முடியாது.

14/ ஆக, அம்பது வருஷத்துல இந்த ஆட்டம் கண்டுபிடிச்சது ரெண்டே வழி. ஒண்ணு, செய்யறவன்கிட்ட முன்கூட்டியே விலை வாங்கறது. இன்னொண்ணு, தடை போடறது. ரெண்டுமே என் தம்பிக்குப் பதில் ஆகாது. அவன் விலை குடுக்கத் தயார். தடை போட்டா "ஏன்?"னு கேப்பான்.

15/ அப்பதான் ஸ்கூல்ல படிச்ச ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. நம்ம ஊர் கதையில இல்லாத மாயப்பொருளா? சிலப்பதிகாரத்தை எடுத்தேன். இந்திரவிழா ஊரெடுத்த காதை. புகார் நகரத்துல அஞ்சு மன்றம். அஞ்சும் நிரந்தரமா வேலை செய்யற மாயப்பொருள்.

16/ முதல்ல வெள்ளிடை மன்றம். வணிகர்கள் பூட்டு, காவல் எதுவும் இல்லாம மூட்டைகளைப் போட்டு வெச்சிருப்பாங்க. எவனாவது திருடினா, அந்த மூட்டை அவன் தலையிலேயே ஏறி அவனைச் சுத்திச் சுத்தி வர வைக்கும். கொண்டு போக விடாது. சிசிடிவி, செக்யூரிட்டி, தண்டனை எல்லாம் ஒண்ணுலயே.

17/ ரெண்டாவது, இலஞ்சி மன்றம். ஒரு பொய்கை. கூன் விழுந்தவங்க, குள்ளமானவங்க, பேச முடியாதவங்க, காது கேக்காதவங்க, உடம்பு அழுகற நோய் வந்தவங்க முழுகி வலம் வந்தா குணமாவாங்க. மூணாவது, நெடுங்கல் மன்றம். ஒளி விடற ஒரு கல். விஷம் தின்னவங்க, மருந்து வெச்சதுல பித்துப் பிடிச்சவங்க, பாம்பு கடிச்சவங்க அதைச் சுத்தி வந்தா தெளிவாங்க.

18/ இதைப் படிச்ச ராத்திரி வார்டுல ஒரு பாம்புக்கடி கேஸ். வயல்ல தண்ணி பாய்ச்சப் போனவர். விஷமுறிவு மருந்து முதல் டோஸே 8லேர்ந்து 10 குப்பி போகும். ஒவ்வொரு குப்பியா கலக்கும்போது அந்தக் கல்லைத்தான் நெனச்சேன். பிழைச்சுட்டார். ஆனா குப்பி தீரும். திரும்ப இண்டென்ட் போடணும். கல் தீராது. தீராத ஒண்ணுக்கு மனுஷன் எவ்வளவு ஏங்கியிருக்கான்னு அந்த நேரத்துல புரியும்.

19/ நாலாவது, பூத சதுக்கம். நாலு தெரு கூடற இடத்துல ஒரு பூதம். பொய்த் தவசி, ஒழுக்கம் தவறின மனைவி, அரசனை ஏமாத்தற அமைச்சன், பிறன் மனைவியை நாடறவன், பொய்ச்சாட்சி சொல்றவன், புறங்கூறுறவன்: இந்த ஆறு பேரையும் பாசக்கயித்துல கட்டி அடிச்சுத் தின்னும். அஞ்சாவது, பாவை மன்றம். அரசன் நீதி தவறினாலோ அவை ஒரு பக்கம் சாஞ்சாலோ அந்தப் பாவை வாய் திறக்காது. கண்ணீர் மட்டும் விடும்.

20/ ஆட்டம் நடத்தறவனா இதைப் பாருங்க. அஞ்சு பொருள், அஞ்சுக்கும் ஒவ்வொரு வேலைதான். மூட்டையைக் காக்கறது நோய் தீர்க்காது. நோய் தீர்க்கறது நீதி சொல்லாது. அரசனைத் தட்டிக்கேக்க வேண்டிய பொருளுக்கு இருந்த ஒரே சக்தி அழறது. அதுக்குக் கையில வாள் குடுத்திருந்தா கதை வேற மாதிரி போயிருக்கும்.

21/ இதுல பூதத்தைப் பத்தி இன்னொரு இடம் இருக்கு, அடைக்கலக் காதையில. நம்மள்ல பல பேர் மறந்த இடம். ஒருத்தன் ஒரு பத்தினி மேல பொய்ச்சாட்சி சொல்லிடறான். பூதம் பிடிச்சுடுது. அவனோட அம்மா கதறுறா. கோவலன் ஓடிப்போய், "என் உயிரை எடுத்துக்கோ, இவனை விட்டுடு"ன்னு கேக்கறான்.

22/ பூதம் மறுத்துடுது. கெட்டவன் உயிருக்கு நல்லவன் உயிரை ஈடா வாங்கற வழக்கம் இல்லைன்னு சொல்லிட்டு, அந்தத் தாய் பாக்கும்போதே அவனைத் தின்னுடுது. கோவலன் என்ன பண்ணினான்? அந்தத் தாயையும் சுத்தத்தாரையும் கூட்டிட்டுப் போய் பல வருஷம் காப்பாத்தினான்.

23/ நிரந்தரமான பொருளோட கெடுதல் இங்க இருக்கு. அதுகிட்ட பேச முடியாது. ஒரு தடவை விதியை எழுதிட்டா, எழுதினவனே வந்து நின்னாலும் அது விதியைத்தான் பாக்கும். பூதம் தப்பு பண்ணலை. சொன்ன வேலையைச் செஞ்சுது. அது முடிச்ச இடத்துல மிச்சம் இருந்த ஒரு குடும்பத்தை மனுஷன்தான் தூக்கிச் சுமக்க வேண்டியிருந்தது.

24/ அடுத்து மணிமேகலை. எனக்குக் கிடைச்ச பெரிய பதில் இங்கதான். அமுதசுரபி. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். என் தம்பி கேட்ட தறியும் இதே ஜாதிதான்: நிக்காம குடுக்கற பொருள். சாத்தனார் இதைக் கதைக்குள்ள விட்டுட்டு எப்படிச் சமாளிச்சார்?

25/ பாத்திரம் முதல்ல ஆபுத்திரன் கைக்கு வருது. பெத்தவ விட்டுட்டுப் போன பிள்ளை. பசு பால் குடுத்துக் காப்பாத்தின பிள்ளை. வேள்விக்குக் கட்டின பசுவை அவிழ்த்து விட்டதால ஊரை விட்டுத் துரத்தறாங்க. மதுரையில பிச்சை எடுத்து, பார்வையில்லாதவங்க, காது கேக்காதவங்க, நடக்க முடியாதவங்களுக்கு ஊட்டிட்டு, மிச்சத்தைத் தான் சாப்பிட்டு, ஓட்டைத் தலைக்கு வெச்சுத் தூங்கறான்.

26/ ஒரு மழை ராத்திரி பசியோட ஒரு கூட்டம் வந்து எழுப்புது. குடுக்க ஒண்ணும் இல்ல. அவன் தவிக்கறதைப் பாத்துச் சிந்தாதேவி அமுதசுரபியைக் குடுக்கறா. அதுலேர்ந்து ஊரே சாப்பிடுது. இந்திரனோட ஆசனமே ஆடுது. வயசான பிராமணன் வேஷத்துல வந்து "என்ன வரம் வேணும்?"னு கேட்டா, ஆபுத்திரன் சிரிக்கறான். பசிக்கற ஆள் ஒருத்தர் கூட இல்லாத உங்க உலகத்துல எனக்கு என்ன வேலைன்னு.

27/ இந்திரனுக்குக் கோவம். இங்க நான் இருந்தா என்ன பண்ணியிருப்பேன்? பாத்திரத்தைத் திருட ஒரு அரக்கனை அனுப்பியிருப்பேன். இல்ல, ஒரு நாளைக்கு நூறு பேருக்குத்தான் சோறு வரும்னு ரூல் போட்டிருப்பேன். இந்திரன் ரெண்டும் பண்ணலை. பாண்டிய நாட்டுல பன்னிரண்டு வருஷம் பெய்யாத மழையைப் பெய்ய வெச்சான்.

28/ அவ்வளவுதான். பயிர் வெளைஞ்சுது, பசி போச்சு. பாத்திரம் அப்படியே இருக்கு, சக்தியும் அப்படியே இருக்கு. சாப்பிடத்தான் ஆள் இல்ல. ஆபுத்திரன் ஊர் ஊரா "சாப்பிட யாராவது இருக்கீங்களா?"ன்னு கேட்டு அலையறான். ஊர் சிரிக்குது. பொருளைத் தொடாம அதைச் சுத்தி இருக்கற உலகத்தை மட்டும் மாத்தின இந்த இடம் மாதிரி எந்த ரூல் புக்லயும் நான் படிச்சதில்ல.

29/ அப்புறம் சாவக நாட்டுல பஞ்சம்னு கேள்விப்பட்டுக் கப்பல் ஏறறான். நடுவுல மணிபல்லவத்துல இறங்க, கப்பல் விட்டுட்டுப் போயிடுது. யாரும் இல்லாத தீவு, கையில வத்தாத பாத்திரம். தான் மட்டும் சாப்பிட்டு உயிர் வாழ இந்தப் பாத்திரம் எதுக்குன்னு அதைக் கோமுகிப் பொய்கையில விடறான். வருஷத்துக்கு ஒரு தடவை மேல வா, உயிர்களைக் காக்கறவங்க கிடைச்சா அவங்க கையில சேருன்னு சொல்லிட்டு, உண்ணாம உயிரை விடறான்.

30/ நீங்களே யோசிங்க. உலகத்துல தீராத சோறு இருந்த ஒரே மனுஷன் பட்டினி கிடந்து செத்தான். பாத்திரத்துல ஒரு குறையும் இல்ல. தனக்குன்னு அதை வெச்சுக்க அவன் ஒத்துக்கலை, அதனாலதான்.

31/ அப்புறம் அது மணிமேகலை கைக்கு வருது. ஆதிரை முதல் பிச்சை போட்ட பிறகுதான் பெருகும். யானைத்தீங்கற அடங்காத பசி நோய் வந்த காயசண்டிகைக்கு ஒரு பிடி சோத்துல பசி அடங்குது. அடுத்து மணிமேகலை நேரா உலகவறவிக்குப் போறா. ஊர் அம்பலம். யார் வேணா வரலாம். பின்னால சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமா மாத்த வெக்கறா. கடைசியா பஞ்சம் வந்த காஞ்சியில சோறு போடறா. இங்கேர்ந்து பஸ் ஏறினா அரை நாளுக்குள்ள போயிடற காஞ்சிதான்.

32/ இங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. லிஸ்ட் போட்டுப் பாத்தேன். அஞ்சு மன்றம்: பொது இடம். நடந்ததும் நடக்கப்போறதும் சொல்ற கந்திற்பாவை, மயன் செஞ்சது: சக்கரவாளக் கோட்டத்துத் தூண்ல, பொது இடம். காத்து, மழை, இடி எதுக்கும் அழியாத கொல்லிப்பாவை: மலையில, யார் வீட்லயும் இல்ல. அமுதசுரபி: உலகவறவியில. நிரந்தரமான பொருள் ஒண்ணு கூட தனி ஆள் வீட்டுக்குள்ள இல்ல.

33/ அப்ப தனி ஆளுக்குச் சொந்தமான பொருள்? அதுவும் உண்டு. சீவக சிந்தாமணியில சச்சந்தன் செஞ்ச மயிற்பொறி: ஒரு பக்கம் முறுக்கினா ஏறும், மறு பக்கம் முறுக்கினா இறங்கும். கட்டியங்காரன் அரண்மனையை வளைச்ச அன்னிக்கு, நிறைமாசமா இருந்த விசயையைத் தூக்கிட்டுப் போய் சுடுகாட்டுல இறக்குது. பெருங்கதையில உதயணனைப் பிடிக்கப் பிரச்சோதனன் செஞ்ச யானைப்பொறி: உள்ள ஆளுங்க ஒளிஞ்சு வந்து பிடிச்சாச்சு. ரெண்டும் அரசன் சொத்து. ஒரு வேலை முடிஞ்சதும் ரெண்டுக்கும் கதையில மேற்கொண்டு இடம் இல்ல.

34/ இதை யாரும் சட்டமா எழுதி வெக்கலை. நான் அடுக்கிப் பாத்ததுல தெரிஞ்ச ஒழுங்குதான். தனியாளுக்குன்னா ஒரு தடவை. நிரந்தரம்னா ஊருக்கு. அந்தக் கவிஞர்கள் 'எவ்வளவு நாள் நிக்கும்?'னு மட்டும் பாக்கலை. 'எங்க நிக்கும், யார் கை எட்டும்?'னும் பாத்திருக்காங்க. ஆட்டப் புத்தகமும் நானும் இத்தனை நாளா முதல் கேள்வியை மட்டும் பிடிச்சுத் தொங்கியிருக்கோம்.

35/ இப்ப தறிக்கு வருவோம். விசைத்தறிக்கு 1785ல காப்புரிமை வாங்கினவர் எட்மண்ட் கார்ட்ரைட், ஒரு பாதிரியார். 1811, 1812ல இங்கிலாந்துல தொழிலாளிங்க மெஷின்களை உடைச்சாங்க. உடைச்சா மரண தண்டனைன்னு 1812ல சட்டம் வந்துச்சு. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில முதல் முதலா பேசினதே அந்த மசோதாவை எதிர்த்துத்தான். அந்த உலகத்துல யார் பக்கம் பூதம் நின்னுச்சுன்னு பாருங்க.

36/ நம்ம நாட்டுல வந்தது வேற மாதிரி ரூல். 1985ல கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம். 22 ரகத்தைக் கைத்தறியில மட்டும்தான் நெய்யணும். பின்னால அது 11 ஆச்சு. இன்னொரு பக்கம் தமிழ்நாட்டுல விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட், கைத்தறிக்கு 300 யூனிட் இலவச மின்சாரம்னு 2023லேர்ந்து. ஒரு கையால தடை, ஒரு கையால தீனி. ரெண்டையும் தப்புன்னு சொல்லலை. இன்னிக்கு விசைத்தறியில நிக்கறவனும் நெசவாளிதான். அவன் வயித்துல எப்படி அடிக்கறது?

37/ என் சித்தப்பாவையே எடுத்துக்கோங்க. குழித்தறியில உக்காந்தப்ப தறியாவது அவரோடது. இப்ப அடுத்தவர் ஷெட்டுல, அடுத்தவர் விசைத்தறியில, புடவைக்கு இவ்வளவுன்னு கூலிக்கு ஓட்டறார். தறி வேகமாச்சு. அவருக்கு அதுல பங்கு வரலை. தம்பி கேட்டது வெறும் தறி இல்லைன்னு எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆச்சு. அப்பாவுக்குத் திரும்ப ஒரு தறி சொந்தமா வேணும்னு அவன் ஆட்டத்துல கேட்டிருக்கான். நான் பொருளாதாரப் பாடம் எடுத்திருக்கேன்.

38/ நேத்து ஞாயிறு மறுபடி உக்காந்தோம். சொன்னேன்: "தறி செய்டா. நிரந்தரமாவே செய். உடம்புப் புள்ளியும் வேணாம், அனுபவப் புள்ளியும் வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லு. அதை எங்க வெப்ப?"

39/ ரொம்ப நேரம் யோசிச்சான். "முதல்ல எங்க வீட்லன்னுதான் நெனச்சேன்ணா. ஆனா எங்க வீட்ல வெச்சா எதிர்வீட்டுக்காரனுக்கு நான்தான் விசைத்தறி. தெரு முனையில வெக்கறேன். யார் வேணா பாவு ஏத்திக்கலாம். முறை போட்டுக்கலாம்"னான். உலகவறவிக் கதையை நான் அவனுக்கு இன்னும் சொல்லவே இல்ல.

40/ நானும் விடலை. இந்திரன் மாதிரி உலகத்தைக் கொஞ்சம் திருப்பினேன். "சரி, தெருவுல நாப்பது வீடு நெய்யுது. புடவை குவியுது. வாங்க ஆள் இல்ல. விலை விழுது. இப்ப?" அஞ்சு பேரும் ரெண்டு மணி நேரம் பேசினாங்க. ஒருத்தன் சங்கம் வெக்கலாம்னான். ஒருத்தி தினம் இத்தனை புடவைன்னு தறிக்கே கட்டுப்பாடு போடலாம்னா. உடனே இன்னொருத்தன், "பூதம் மாதிரி ஆயிடப் போவுது, ஒரு வீட்ல கல்யாணம்னா கூட அது விடாது"ன்னான். ஒரு அரக்கன் கூட வரலை. இத்தனை வருஷத்துல நாங்க ஆடின நல்ல ஆட்டம் அதுதான்.

41/ அதனால ஆட்டம் நடத்தற நண்பர்களுக்கு என் அனுபவத்துல ஒரு யோசனை. ஆட்டக்காரர் நிரந்தரமா ஒண்ணு கேட்டா பயந்து மறுக்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க. அதுக்கு என்ன ஒரு வேலை? அது எங்க நிக்கும், யாருக்கெல்லாம் கை எட்டும்? அது தப்பாப் போனா யார் போய்ச் சுமப்பாங்க, கோவலன் மாதிரி? மூணுக்கும் பதில் இருந்தா குடுத்துடுங்க. கதை தானா நகரும்.

42/ ராத்திரி கெளம்பும்போது வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே தம்பி கேட்டான்: "அண்ணா, அமுதசுரபிக்கு அரிசி வேணாம்ல?"

"வேணாம்."

"என் தறிக்கு நூல் வேணும். மந்திரம் தறியிலதான் இருக்கு, நூல்ல இல்ல. நூல் வெலையை யாரு பாத்துப்பா? எங்கப்பாவுக்கும் அதான் பிரச்சினை."

43/ இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அடுத்த ஆட்டம் ரெண்டு வாரம் கழிச்சு. உங்கள்ல யாராவது நூல் தொழில்ல இருந்தா கீழ சொல்லுங்க, நெசமாவே தெரிஞ்சுக்கணும். காலையில ஓபி இருக்கு, தூங்கப் போறேன். (முற்றும்)